சேற்று நிலத்துக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்: 'மடி'யா, 'பொகி'யா?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் என் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்: 'மடி'. ஒழுங்கை மடி, வயல் மடி, விளையாட்டு மைதானம் மடி, அராலிக் கடற்கரையும் மடி. எம், யூ, டி, டி, வை. சொல்லில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாச் சேற்றுக்கும் அதையே போட்டால், அந்த இடத்தில் கால் வைக்கலாமா கூடாதா என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கென்றே ஆங்கிலத்தில் இன்னொரு சொல் இருக்கிறது: 'பொகி'. பி, ஓ, ஜி, ஜி, வை. ஓஎல் முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளில் பலர் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருப்பதில்லை. அதன் பொருளையும், அதை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதையும் ஆறுதலாகச் சொல்லித் தருகிறேன்.

'பொகி' என்றால், மண் உள்ளே வரைக்கும் தண்ணீரைக் குடித்து இளகிப்போய், மேலே ஏறி நின்றால் பாரம் தாங்காமல் கால் இறங்குகிற நிலம். நாங்கள் 'சுரி' என்கிறோமே, "அங்கால போகாத, தாண்டுபோவாய்" என்று பெரியவர்கள் மறிப்பார்களே, அதுதான். 'மடி' என்பது சேறு இருக்கிற நிலம், அல்லது சேறு பட்ட பொருள். அந்தச் சேற்றுக்குக் கீழே தரை கல்லுப் போலக் கெட்டியாகவும் இருக்கலாம். வித்தியாசம் பிடிபடாதவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி இதுதான்: காலைப் பாருங்கள். சேறு உங்கள் காலுக்கு வந்திருந்தால் 'மடி'. உங்கள் கால் சேற்றுக்குள் போயிருந்தால் 'பொகி'.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டையும் படிக்க வெளியூர் போகத் தேவையில்லை. நான் பிறந்து வளர்ந்தது அராலி, கலியாணம் செய்து வந்தது உரும்பிராய். உரும்பிராய், கோப்பாய், இணுவில் பக்கமெல்லாம் செம்பாட்டு மண். மழை பெய்த பிறகு தோட்டத்து வரம்பில் நடந்தால் செருப்பின் அடியில் சிவப்பு மண் அப்பை அப்பையாக ஒட்டி, இரண்டு அங்குலம் உயர்ந்துவிடுவோம். ஆனால் கால் புதையாது. கீழே சுண்ணாம்புக் கல். விழுகிற தண்ணீர் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி நிலத்தடிக்குப் போய்விடுகிறது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் குடாநாட்டில் இல்லாததற்கும் எங்கள் கிணறுகளில் தண்ணீர் இருப்பதற்கும் அந்தக் கல்தான் காரணம். ஆகவே உரும்பிராய்த் தோட்டத்துக்கு 'மடி' என்பதே சரி. எங்கள் படியில் ஏறும் ஒவ்வொரு சோடிச் செருப்பும் 'மடி'.

அராலி அப்படி இல்லை. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு வந்து கடல்நீரேரியோடு சேருகிற இடம் அது. கரையோரத்தில் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும். மண் சாம்பல் நிறம், பிசுபிசுப்பு, மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி ஒரு மெல்லிய தோல். அந்தத் தோலை நம்பிக் கால் வைத்தால் 'சளக்' என்று கணுக்கால் வரை போகும். இழுத்தால் செருப்பு உள்ளேயே நின்றுவிடும். கால் மட்டும் வெறுமையாக வெளியே வரும்போது ஒரு சத்தம் கேட்கும், அது கேட்டவர்களுக்குத் தெரியும். அந்த நிலம்தான் 'பொகி'. நாவற்குழிப் பாலத்தடி, கைதடிப் பக்கத்து வெளி, மண்டைதீவுக் கரை என்று குடாநாட்டைச் சுற்றி இப்படியான இடங்கள் நிறைய.

இந்த வேறுபாடு சோதனைப் புள்ளிக்கு மட்டும் உதவுகிற விஷயம் இல்லை. என்னிடம் மாலை வகுப்புக்கு ஓட்டோ ஓடுகிற தம்பி ஒருவர் வந்தார். வெளிநாட்டுக்காரரைப் பறவை காட்டக் கூட்டிப்போகிறவர். ஒருநாள் முகம் வாடிப்போய் வந்து நின்றார்.

"ரீச்சர், நான் 'மடி' எண்டு சொன்னனான் தானே. கேக்காமல் இறங்கிப் போட்டார்."

நடந்தது என்னவென்றால், கமராவோடு வந்த அந்த மனிதர் பூநாரைக் கூட்டத்தைக் கண்டுவிட்டுக் கரையை நோக்கி நடக்கத் தொடங்கியிருக்கிறார். இவர் பின்னால் நின்று "சேர், மடி, மடி" என்று கூப்பிட்டிருக்கிறார். அவரோ தன் சப்பாத்தைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு 'மடி' என்றால் சப்பாத்து ஊத்தையாகும், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து அடி போனதும் ஒரு கால் முழங்கால் மட்டும் இறங்கிவிட்டது. கமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றவரைப் பனை மட்டை ஒன்றை நீட்டி இழுத்து எடுத்திருக்கிறார்கள்.

தம்பி சொன்ன சொல் பொய் இல்லை, ஆனால் அதில் எச்சரிக்கை இல்லை. "பீ கெயார்ஃபுல், இட்ஸ் வெரி பொகி தெயார்" என்றிருந்தால் அந்த மனிதர் நின்றிருப்பார். மலையும் மேடும் நடந்து திரிகிற பிரித்தானியருக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் விளங்கும். அங்கே நடைபாதை வழிகாட்டிகளில், மழைக்குப் பிறகு இந்தப் பாதை 'பொகி' என்று எழுதியிருந்தால், நல்ல பூட்ஸ் போடு அல்லது சுற்றிப் போ என்று அர்த்தம். இப்போது அந்தத் தம்பி ஒவ்வொரு பயணத்திலும் இந்த வசனத்தைத்தான் சொல்கிறார்.

சரி, வசனத்தில் எப்படி வைப்பது? மற்றப் பெயரடைகளைப் போலவே இரண்டு இடத்திலும் வைக்கலாம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால்: 'எ பொகி ஃபீல்ட்', 'பொகி கிரவுண்ட்', 'எ பொகி பாத்'. 'இஸ்', 'வாஸ்', 'பிகேம்' போன்ற வினைகளுக்குப் பின்னால்: 'த ஃபீல்ட் இஸ் பொகி', 'த பிளேகிரவுண்ட் பிகேம் பொகி ஆஃப்டர் த ரெயின்'. ஒரு பெரிய வெளியில் ஓரிடம் மட்டும் சுரியாக இருந்தால் 'எ பொகி பட்ச்' என்பார்கள். வயலுக்குக் குறுக்கே நடப்பவருக்குச் சொல்ல இது நல்ல தொடர். இன்னொன்றை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: 'இட்ஸ் பொகி அண்டர்ஃபுட்'. நடக்கும்போது காலடியில் நிலம் இளகுகிறது என்பது முழுவதும் இந்த மூன்று சொல்லில் வந்துவிடும். 'அண்டர் மை ஃபூட்' என்று பிரித்து நீட்டத் தேவையில்லை, 'அண்டர்ஃபுட்' ஒரே சொல்.

ஒப்பிட்டுச் சொல்லும்போது வையை ஐயாக மாற்றி 'பொகியர்', 'பொகியெஸ்ட்'. பிள்ளைகள் 'மோர் பொகி' என்று எழுதுகிறார்கள், அது வேண்டாம். அந்தத் தன்மையைப் பெயராகச் சொல்ல 'பொகினஸ்' இருக்கிறது, ஆனால் அதிகம் தேவைப்படாது. கொஞ்சம் என்றால் 'எ பிட் பொகி', கூட என்றால் 'வெரி பொகி'. போதும்.

பிழை அதிகம் வருவது இங்கேதான்: 'பொகி' நிலத்துக்கு உரிய சொல். சப்பாத்து, கை, சட்டை, நாய்க்குட்டி, வீட்டுத் தரை ஒன்றும் 'பொகி' ஆகாது, அவை 'மடி'. 'மை ஷூஸ் ஆர் பொகி' என்று எழுதினால் வாசிப்பவர் சப்பாத்துக்குள் சதுப்பு நிலத்தைத் தேடுவார். கலங்கிய தண்ணீரும் 'மடி வோட்டர்'தான். மாரியில் கிணற்றுத் தண்ணீர் கலங்கினால் 'பொகி வோட்டர்' என்று எழுத வேண்டாம். சீமெந்துத் தரையிலும் தார் றோட்டிலும் எவ்வளவு சேறு கிடந்தாலும் 'பொகி' பொருந்தாது. இளகவும் புதையவும் கூடிய மண் இருந்தால்தான் இந்தச் சொல்.

இனி இதன் அயலட்டைச் சொற்கள். எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

'சொகி' என்பது ஊறிப்போனது. எஸ்ஸில் தொடங்குவது. நிலத்துக்கும் சொல்லலாம், பொருளுக்கும் சொல்லலாம். தேத்தண்ணிக்குள் கூட நேரம் வைத்த விசுக்கோத்து 'சொகி'. மழையில் நனைந்த பேப்பர் 'சொகி'. காலையில் கட்டிக் கொடுத்த பாணில் சம்பல் சாறு ஊறினால் அதுவும் 'சொகி'. ஒரு புற்றரையை 'சொகி' என்றால் நடக்கும்போது தண்ணீர் கசியும், சளசளக்கும், ஆனால் ஆளை உள்ளே இழுக்கும் என்று சொன்னதாகாது.

'வோட்டர்லொக்ட்' கொஞ்சம் முறையான சொல். மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மைதானத்தில் போட்டி நிறுத்தப்பட்டால் 'த பிட்ச் வாஸ் வோட்டர்லொக்ட்' என்பார்கள். பயிர் அழிவு பற்றிக் கடிதமோ விண்ணப்பமோ எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லைத்தான் எடுக்க வேண்டும். சின்னவெங்காயப் பாத்தியில் தண்ணீர் நின்று கிழங்கு அழுகியது என்று சொல்ல 'த அனியன் பெட்ஸ் வேர் வோட்டர்லொக்ட்' என்று எழுதினால் அதிகாரிக்கு நிலைமை தெளிவாகப் போய்ச் சேரும். அங்கே 'பொகி' என்று எழுதினால் நடக்கக் கஷ்டமாக இருந்தது என்பது மாதிரித்தான் கேட்கும்.

'மார்ஷி', 'ஸ்வாம்பி' இரண்டும் இடத்தின் இயல்பைச் சொல்பவை. புல்லும் கோரையும் வளர்ந்த ஈர நிலம் 'மார்ஷி'. மரங்கள் தண்ணீரில் நிற்கும் நிலம் 'ஸ்வாம்பி'. கொழும்புத்துறைக் கரையில் கண்டல் மரங்கள் நிற்கிற பக்கத்தை 'ஸ்வாம்பி' என்று எழுதினால் பொருத்தம். இந்த இடங்கள் கோடையிலும் அந்தப் பெயரோடுதான் இருக்கும். 'பொகி' அப்படி இருக்க வேண்டியதில்லை, கார்த்திகையில் 'பொகி'யாக இருந்த இடம் பங்குனியில் வெடித்துக் கிடக்கலாம்.

'ஸ்லஷி' பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஒழுங்கைச் சேற்றுக்கு இதைப் போடுகிறவர்கள் உண்டு. அகராதியில் கூழான சேற்றுக்கும் இடம் இருக்கிறதுதான். ஆனால் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற ஒருவர் அதை வாசித்தால் அவர் கண்ணுக்கு வருவது பாதி உருகிய பனி. ஆகவே மல்லாகம் ஒழுங்கைக்கு வேண்டாம்.

'மைரி' பழைய சொல். ஆங்கில வேதாகமத்தில் நாற்பதாவது சங்கீதம் வாசித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழில் அந்த இடத்தில் 'உளையான சேறு' என்று வரும், அருமையான சொல். இன்றைய ஆங்கிலப் பேச்சில் 'மைரி' வருவது குறைவு, கட்டுரைக்கும் தேவையில்லை.

இந்தச் சொற்களை ஒரே வயலில் வைத்துப் பார்த்தால் ஒழுங்கு தெரியும். 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய மழையை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. அப்படியொரு மழைக்குப் பிறகு வயல் முதலில் 'ஃப்ளடட்', வெள்ளம் மூடி நிற்கிறது. மேலே நின்ற தண்ணீர் வடிந்தாலும் மண் நிறைந்திருக்கிறது, 'வோட்டர்லொக்ட்'. அப்புறம் வரம்பு தெரியத் தொடங்கும், இறங்கினால் தாழும், லான்ட்மாஸ்டரை இறக்க ஒருவரும் துணியமாட்டார்கள், அது 'பொகி'. இன்னும் சில நாள் வெயில் எறித்தால் கால் தாழாது, ஆனால் ஒட்டும், 'மடி'. கட்டுரையில் ஒரு நிலத்தை நாளுக்கு நாள் காட்ட நினைக்கும் பிள்ளைக்கு இந்த வரிசையே பாதிக் கட்டுரை.

சொல்லின் ஊர் எது என்று தெரிந்தால் பொருள் மனதில் நிற்கும். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் பேசப்படும் கேலிக் மொழிகளில் 'பொக்' என்றால் மென்மையானது. அதிலிருந்துதான் ஆங்கிலத்துக்கு நிலத்தின் பெயராக 'பொக்' வந்தது. பிறகு வையைச் சேர்த்துப் பெயரடை ஆக்கினார்கள். புவியியல்காரர் 'பொக்' என்று கறாராகச் சொல்வது, குளிர் நாட்டில் மழைநீர் தேங்கி, பாசிச் செடிகள் செத்துச் செத்து ஒன்றின்மேல் ஒன்று படிந்த நிலத்தை. தண்ணீருக்குள் காற்றுப் போகாது, புளிப்புத் தன்மையும் கூட, ஆகவே அந்தச் செடிகள் முழுதாக உக்காமல் ஆயிரக்கணக்கான வருடமாகச் சேர்ந்துகொண்டே போகும். அந்தப் படிவுக்கு 'பீற்' என்று பெயர். அயர்லாந்தில் அதைத் துண்டு துண்டாக வெட்டிக் காயவைத்து அடுப்பில் எரித்திருக்கிறார்கள். எதையும் இலேசில் உக்கவிடாத நிலம் என்பதற்குச் சாட்சியாக, 1950இல் டென்மார்க்கில் பீற் வெட்டியவர்கள் ஒரு மனித உடலைக் கண்டெடுத்தார்கள். ஏறக்குறைய 2400 வருடம் பழமையானது, முகத்தின் தோலும் சுருக்கமும் அப்படியே இருந்தன. இலங்கையில் பீற் படிந்த நிலம் என்றால் நீர்கொழும்புக் களப்பை ஒட்டிய முத்துராஜவெல. அராலிக் கரையில் பீற் இல்லையே, 'பொகி' என்று சொல்லலாமா என்று ஏஎல் பிள்ளை ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பேச்சு ஆங்கிலத்தில் பீற் இருக்கிறதா என்று ஒருவரும் தோண்டிப் பார்ப்பதில்லை. ஊறி இளகிக் கால் தாழ்ந்தால் 'பொகி'தான். ஆனால் புவியியல் விடைத்தாளில் அந்தக் கரையை 'எ பொக்' என்று பெயர்ச்சொல்லாக எழுதாதீர்கள், அங்கே அது பிழை.

வினையாகவும் இது வரும். உழவு மெசினோ லொறியோ சில்லுத் தாண்டு நின்றால் 'இட் கொட் பொக்ட் டவுன்'. இதே தொடரை வேலைக்கும் கூட்டத்துக்கும் சொல்வார்கள்: சின்னச் சின்ன விவரங்களில் சிக்கி வேலை நகராமல் நின்றால் 'வீ கொட் பொக்ட் டவுன் இன் டீற்றெய்ல்ஸ்'. ஆனால் 'பொகி' என்ற பெயரடையை அப்படி மனதுக்கும் வேலைக்கும் கொண்டுபோக முடியாது. தலை குழம்பியிருக்கிறது என்று சொல்ல 'மை மைண்ட் இஸ் ஃபொகி', எஃபில் தொடங்குவது, மூடுபனி. லண்டனில் உறவுக்காரர் உள்ளவர்களுக்கு இன்னொன்று: அங்கே பேச்சு வழக்கில் 'த பொக்' என்றால் கழிப்பறை. பெயர்ச்சொல்லைத் தனியாகப் போடும்போது கவனமாக இருங்கள், பெயரடைக்கு அந்தத் தொல்லை இல்லை.

தாதியர் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இந்தச் சொல் வேறொரு இடத்தில் எதிர்ப்படும், அதை அவர்கள் கட்டாயம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு கருப்பை சுருங்கி இறுக வேண்டும். இறுகாமல் தொளதொளவென்று மெத்தென இருந்தால் குறிப்பில் 'பொகி யூட்டரஸ்' என்று எழுதுவார்கள். இரத்தப்போக்கு வரலாம் என்பதற்கான அடையாளம் அது, உடனே கவனிக்க வேண்டிய விஷயம். 'பொகி ஸ்வெலிங்' என்றால் அமுக்கினால் மெத்தென்று உள்ளே போகிற வீக்கம். இங்கே சேறு எங்கே வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டார். சேறு வரவில்லை, கேலிக் மொழியில் இருந்த அந்த 'மென்மை'தான் வந்திருக்கிறது.

கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்குச் சொல்வது: 'பொகி' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள், கால் என்ன ஆனது என்று அடுத்த வசனத்தில் காட்டுங்கள். இப்படி: 'த பாத் நியர் த லகூன் வாஸ் பொகி. மை லெஃப்ட் ஃபூட் சாங்க் அப் டு த ஆங்கிள். வென் ஐ புல்ட் இட் அவுட், மை ஸ்லிப்பர் ஸ்டேட் பிஹைண்ட்.' கடல்நீரேரிக் கரைப் பாதை சுரியாக இருந்தது, இடது கால் கணுக்கால் வரை தாழ்ந்தது, இழுத்தபோது செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. மூன்று வசனம், ஒன்றிலும் பெரிய சொல் இல்லை, இடம் கண்முன் நிற்கிறது. 'சாங்க் இன்டு', 'ஸ்டக் இன்', 'புல்ட் அவுட்' ஆகிய மூன்றும் 'பொகி'யோடு சேர்ந்து திரிகிற தொடர்கள். அவற்றையும் கூடவே படித்துவிடுங்கள்.

கடைசியாக உச்சரிப்பும் எழுத்தும். முதல் எழுத்து 'பஸ்' என்பதில் வருகிற ப, 'பாண்' என்பதில் வருகிற ப இல்லை. ஓ குறுகியது, நாங்கள் 'பொக்ஸ்' என்று சொல்கிற மாதிரி. நடுவில் வருகிற க 'சங்கு' என்பதில் உள்ளது போல அழுத்தமாக ஒலிக்க வேண்டும். 'மகன்' என்பதில் வருவதுபோல மெலிதாக விட்டால் சொல் கரைந்துபோகும். ஓவை நீட்டினால் 'போகி', அது ரயில் பெட்டிக்குக் கீழே சில்லுகள் பூட்டிய சட்டகம். முதல் எழுத்துக்குப் பின்னால் யூ வந்தால் 'பகி', சின்ன வண்டி. ஏ வந்தால் தொளதொளத்த காற்சட்டைக்குச் சொல்வது. எழுதும்போது ஜி இரண்டு வர வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் ஆங்கிலத்தில் அது வேறொரு சொல்லாகிவிடும், பேய்க்குச் சொல்கிற சொல்.